காய்ச்சல் ஆறிய நாள்

இன்று காலை களுவாஞ்சிக்குடியிலிருந்து குறுமண்வெளித் துறைக்கு ஓட்டோவில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஐஸ் கொம்பனியைத் தாண்டும்போது அமோனியா மணம் மூக்கில் ஏறியது. உள்ளே எங்கோ குழாய் கசிகிறது போல. ஓட்டோக்காரர் தோளில் கிடந்த துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு ஒரு முடிவு வராது போல" என்றார். நான் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மதிலோரம் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கண் எரிந்து தண்ணீர் வந்தது. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் கொட்டிக்கொண்டிருந்த ஒருவர், "தள்ளி நில்லுங்க மிஸ், காத்து உங்கட பக்கம்தான் அடிக்குது" என்றார். நான் தள்ளி நிற்கவில்லை. ஊரார் முன்னால் அழுவதற்கு இப்படி நியாயமான காரணம் அடிக்கடி கிடைக்காது.

அந்த மணம் நம் இருவருக்கும் உறவு. ஜெர்மனியில் அந்த நிலக்கீழ் ஆய்வுகூடத்துக்குள் நாம் நுழைந்த முதல் நாள் யாரோ வாயு உருளையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. நீ மட்டும் மூக்கை உறிஞ்சி, "ஊர் மணக்குதுகா" என்றாய். பிறகு பேராசிரியர் இயந்திரத்தைச் சுற்றிக் காட்டி, எந்த மூலக்கூறை மெதுவாக்கி, குளிராக்கி, பிடித்து வைக்கப்போகிறோம் என்று சொன்னபோது உனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமோனியா. "நம்மட ஊரில இதை வச்சி ஐஸ் கட்டுறாங்க. இஞ்ச நாம இதையே குளிராக்கிப் பிடிக்கப்போறமாம்" என்று என் காதுக்குள் சொன்னாய். என்ன பகிடி என்று பேராசிரியர் கேட்டார். நீ விளக்கினாய். அவரும் சிரித்தார். விளங்கித்தான் சிரித்தாரோ தெரியாது.

இப்போது துறையில் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாவியைக் கடக்கிற மிதவையை நம் ஊரில் பாதை என்றுதானே சொல்வோம். பாதை சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சனமுமாக வந்து வந்து போகிறது, நான் ஏறவில்லை. பாதைக்காரர், "ஏறல்லயா தங்கச்சி?" என்றார். "அடுத்ததில வாறன்" என்றேன். பிறகும் கேட்டார், பிறகும் அதையே சொன்னேன். இப்போது கேட்பதை விட்டுவிட்டார். அக்கரையில் உன் வீடு. நாளைக்கு உன் ஆண்டு அமுது, நீ போய் ஒரு வருடம், உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். உன் அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். காய் வெட்டுவதற்கு ஊரில் ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்கு ஒரு பதில் வேண்டும்.

போன மாதம் போன் எடுத்துக் கேட்டார். சுகம் விசாரித்தார், அங்கே மழையா வெயிலா என்றார், பிறகு எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டார்: "காய்ச்சல் ஆறிற்றுத்தானே மகள்? ஆறினாப் பிறகு அவ ஏன் செத்தா? நீங்க ரெண்டு பேரும் குளிரைத்தானே படிச்சீங்க. உனக்குத் தெரியாம இரிக்காது. சொல்லு."

"நேரில வந்து சொல்லுறன் மாமி" என்றேன்.

பதில் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இந்த நேரம் அக்கரையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். சொன்னால், நீ போன அந்த நாளை உன் அம்மா திரும்பவும் தொடக்கத்திலிருந்து வாழவேண்டி வரும், இந்த முறை எல்லாம் தெரிந்துகொண்டு. தகப்பனும் இல்லாமல் அவர் வளர்த்த ஒரே பிள்ளை நீ. அவர் தாங்குவாரா? சொல்லாவிட்டால், என்னை நம்பிக் கேட்ட ஒருவருக்கு நான் பொய் சொல்லிவிட்டு உன் பெயரில் சோறு தின்ன வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும், உன்னைப் பற்றி வாய்விட்டுக் கதைக்க எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரேயொரு வீடும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. எனக்கு வேறு யாரிடமும் உன்னைப் பற்றிப் பேசத் தெரியவில்லை.

இந்தத் துறையில்தான் உன்னை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். நீ அக்கரையிலிருந்து பாதையேறி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவாய். நான் உனக்காக இங்கே சைக்கிளோடு நிற்பேன். மற்றவர்கள் எல்லாரும் ஓடி இறங்குவார்கள். நீ கடைசியாக, செருப்பில் சேறு படாத இடம் பார்த்துப் பார்த்து இறங்குவாய். "மணி அடிச்சிருவாங்க, ஓடி வா" என்று கத்துவேன். "ஆறுதலா வாறன்கா, பள்ளிக்கூடம் எங்க ஓடப்போகுது" என்பாய். பள்ளிக்கூடம் ஓடவில்லை. வாசலில் வெயிலில் நின்றது நாம்தான்.

உன் அந்த ஆறுதல்தான் நம் இயந்திரத்துக்கு ஏற்ற குணம் என்று பிறகு தெரிந்தது. உலோக அறைக்குள் வெற்றிடம் உண்டாக்குவதற்காக அதை நாள்கணக்காகச் சூடாக்குவோம், சுவரில் ஒட்டியிருக்கிற ஈரமெல்லாம் கழன்று போகட்டும் என்று. பிறகு அது தானாக ஆற வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? சுற்றியிருந்த அலுமினியத் தாளைச் சூட்டோடு சூடாகப் பிய்க்கப் போனேன். நீ என் கையில் ஒரு அடி போட்டாய். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்க ஏலாதா?" என்றாய். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றேன் நான். இருவரும் அந்த அறையைச் சுற்றி நின்று பழமொழியால் அடிபட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மன்காரப் பெடியன், நாம் ஏதோ பெரிய கணக்கைப் பற்றி விவாதிக்கிறோம் என்று நினைத்திருப்பான்.

உன் அம்மாவுக்கு நம் வேலையை விளக்கியது நீதான். விடுமுறைக்கு வந்திருந்தபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னாய். வாயுவைச் சின்ன ஓட்டை வழியாக வெற்றிடத்துக்குள் பீறிட விடுவோம். அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். ஆனால் எல்லா மூலக்கூறும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போவதால் ஒன்றையொன்று இடிக்காது, தமக்குள் குளிர்ந்துதான் இருக்கும். "தேருக்குப் பின்னால போற சனம் மாதிரியா?" என்று கேட்டார் உன் அம்மா. "அதேதான், ஆனா இது ஓடுற சனம்" என்றாய்.

அந்த ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்பதற்கு நீ கல்லடிப் பாலத்தைக் காட்டினாய். சைக்கிளில் பாலத்தின் ஏற்றத்தில் ஏறினால் வேகம் குறையும். இறங்கும்போது குறைந்த வேகம் முழுவதும் திரும்பி வந்துவிடும். உச்சிக்கு வந்ததும் யாராவது பாலத்தை உருவி எடுத்துவிட்டு, முன்னால் இன்னொரு ஏற்றத்தை வைத்தால்? பிறகு இன்னொன்று? கடைசியில் சைக்கிள் நின்றுவிடும் அல்லவா. நம் இயந்திரத்தில் மின்புலம்தான் ஏற்றம். மெல்லிய உருக்குக் கம்பிகளை வரிசையாக நட்டு, அவற்றுக்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து, மூலக்கூறு உச்சிக்கு வருகிற கணத்தில் அந்தப் புலத்தை நிறுத்தி அடுத்ததைப் போடுவோம். ஏறி ஏறியே களைத்துப்போகிற மூலக்கூறைக் கடைசியில் ஒரு கூட்டுக்குள் பிடிப்போம். சுவரில்லாத கூடு, மின்புலம்தான் சுவர். நடுவில் புலம் ஆகக் குறைவு, பள்ளத்தில் வெள்ளம் தங்குவதைப் போல மூலக்கூறு அங்கே தங்கும். "பாவம், அதையேன் இந்தப் பாடு படுத்துறீங்க?" என்றார் உன் அம்மா, மீன் செதிலைத் தட்டிக்கொண்டே.

நீ அதற்குச் சொன்ன பதிலை நான் இன்னும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். "அவசரத்தில அடிபடத்தான் ஏலும் அம்மா. ஆறுதலா வந்தாத்தான் கதைக்க ஏலும்." சூடான வாயுவில் மூலக்கூறுகள் முட்டிவிட்டுத் தம்பாட்டில் போய்விடும், அதில் பெரிதாக அறிய ஒன்றுமில்லை. குளிரின் கடைசி எல்லையான தனிப்பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், மிக மெதுவாக இரண்டைச் சந்திக்க விட்டால், தொடுவதற்கு வெகு முன்பே ஒன்றையொன்று உணரும், அலைகளைப் போல ஒன்றன் மேல் ஒன்று படரும். வேகத்தில் தெரியாமல் போகிற சின்ன இழுப்புகள் எல்லாம் அப்போது வெளிப்படும். அந்தச் சந்திப்பைப் பார்க்கத்தான் நாம் அத்தனை வருடம் அந்த நிலக்கீழ் அறையில் கிடந்தோம்.

ஒருமுறை பேராசிரியர், மெதுவாக்குவதற்கும் குளிராக்குவதற்கும் உங்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டார். நீ யோசிக்கவேயில்லை. "ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான்" என்றாய். ஆறுதலாக வா என்றால் மெதுவாக வா. தேத்தண்ணி ஆறட்டும் என்றால் சூடு தணியட்டும். துக்க வீட்டில் போய்ச் சொல்வதும் ஆறுதல்தான் என்று மூன்றாவதையும் நீயே சேர்த்தாய். அவர் அதைப் பலகையில் எழுதச் சொன்னார். நீ தமிழில் எழுதியது வெகுநாள் அழியாமல் கிடந்தது. நீ போன பிறகு அதை நான்தான் அழித்தேன். அந்தச் சொல்லை என்னால் பார்க்க முடியவில்லை.

போன வைகாசியில் நீ ஊருக்கு வந்தது குளுத்திக்கு. கண்ணகை அம்மனின் கோபத்தைக் குளிர வைக்கிற சடங்கைப் பார்க்காமல் உனக்கு ஒரு வருடமும் விடியாது. "நானும் குளிராக்குறவதானே, தொழில்முறையில போய்ப் பாத்திற்று வாறன்" என்று பேராசிரியரிடமே சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாய். குளுத்தி முடிந்த கையோடு உனக்குக் காய்ச்சல் தொடங்கியது. டிஸ்பென்சரியில் பனடோல் குளிசை தந்து, காய்ச்சல் நிற்காவிட்டால் இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். உடம்பு முறிகிறது, கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்று எனக்குக் குரல் செய்தி அனுப்பினாய். அங்கே நான் கூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூலக்கூறுகள் வந்தன, ஆனால் நிற்கவில்லை.

பிறகு அந்தக் காலை. கூட்டுக்குள் விட்ட அமோனியா முதல் தடவையாக நாம் நினைத்ததை விட நீண்ட நேரம் தங்கியது. திரையில் புள்ளிகள் விழாமல் நின்றன. நான் கதிரையை விட்டு எழுந்து தனியே நின்று கைதட்டினேன். அந்த நேரம்தான் உன் செய்தி வந்தது. குரல் களைத்திருந்தது, ஆனால் சந்தோசமாக இருந்தது. "ஆறிற்றுகா. உடம்பு சில்லெண்டு இரிக்கி. இனி இரத்தம் சோதிக்கத் தேவையில்லயெண்டு அம்மா சொல்றா. நீ ஆறுதலா வேலையப் பாரு, மறுகா கதைப்பம்." நான் உடனே பதில் அனுப்பினேன்: "இஞ்சயும் ஆறிற்று." எவ்வளவு சாமர்த்தியமான பகிடி என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ அதைப் பார்த்தாயோ தெரியாது. பின்னேரம் உன் அம்மாவின் தம்பி போன் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உனக்கு நினைவு தப்பிவிட்டதாகவும், டெங்கு என்று சொல்லி டொக்டர்மார் எவ்வளவோ பார்த்தும் முடியவில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் டெங்குவைப் பற்றி வாசித்தேன். வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் இருந்தேன். காய்ச்சல் எரிக்கிற நாட்களை விட, அது இறங்குகிற நேரம்தான் ஆபத்தாம். அப்போதுதான் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். உடம்பு குளிர்வது சுகம் வருவதால் இல்லை, இரத்தம் கைகாலுக்குப் போய்ச் சேராததால். குளிர்ந்துவிட்டது என்று வீட்டார் மூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் ஓட வேண்டும்.

குளிர் என்றால் பத்திரம் என்று அர்த்தமில்லை. இது இந்த உலகத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால் உனக்கும் எனக்கும்தான். கூட்டுக்குள் குளிர்ந்து கிடக்கிற மூலக்கூறைப் பார்ப்பவர்கள், ஆ, அடங்கிவிட்டது என்பார்கள். வெற்றிடத்தில் மிஞ்சிய ஒரேயொரு சூடான மூலக்கூறு வந்து தட்டினால் போதும், அது போய்விடும் என்று நாம்தான் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவோம். ஆகக் குளிர்ந்ததைத்தான் ஆக இலகுவாக இழப்போம் என்று நீயே கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னாய். சொன்ன நீ, உன் கை குளிர்ந்தபோது சந்தோசப்பட்டாய். நானும் சந்தோசப்பட்டேன். இதற்கு யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது? உன்னோடுதான் பிடிக்கிறேன், நாள் தவறாமல், குசினியில், பஸ்ஸில், இயந்திரத்துக்குப் பக்கத்தில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் தேடியது கிடைத்துவிட்டது. மார்கழியில், கூட்டில் மூலக்கூறுகள் நெருக்கமாக இருந்தபோது அது வேகமாகக் காலியானது, ஐதாக இருந்தபோது மெதுவாகக் காலியானது. அவை ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. இயந்திரத்தை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன், திரும்பவும் அதுவே வந்தது. பேராசிரியர் என் தோளைத் தட்டினார். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். நான் உன் கதிரைப் பக்கம் திரும்பி, "பாத்தியா" என்று தமிழில் சொன்னேன். அந்தக் கதிரையில் இப்போது வேறொரு பிள்ளை இருக்கிறாள், நல்ல பிள்ளை. அவள் ஆங்கிலத்தில் "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் கேக் தின்னவில்லை. அந்த வெற்றி எனக்கு வேண்டாம். அதைக் கொடுத்து உன்னை வாங்கலாம் என்றால் இயந்திரத்தின் ஆணிகளையும் சேர்த்துக் கொடுப்பேன்.

பாதை திரும்பவும் இக்கரைக்கு வருகிறது. இந்த முறை ஏறுகிறேன்.

இரவாகிவிட்டது. அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பிக் களுவாஞ்சிக்குடிக்கு வந்துவிட்டேன். மிச்சத்தையும் உனக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

உன் அம்மா மெலிந்துவிட்டார். குசினி வாசலில் துருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். உன் மாமாவின் மனைவி அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வந்திற்றாயா மகள்" என்றார் உன் அம்மா, எழும்பவில்லை. ஒரு பலகையைத் தள்ளிவிட்டார். நான் அவருக்கு எதிரே இருந்தேன். உன் மாமி தேத்தண்ணி கொண்டு வந்தார். இந்த முறை குளுத்திக்கு உன் அம்மா போகப்போவதில்லை என்று அவர் என்னிடம் முறைப்பாடு மாதிரிச் சொன்னார். "அம்மனோட கோவிக்கலாமா? நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

"நீ உள்ளுக்குப் போய் அடுப்பப் பாரு" என்றார் உன் அம்மா அவரிடம். அவர் போனதும் என்னைப் பார்த்தார். "சொல்லு."

நான் பழக்கதோசத்தில் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம், என்று ஏதோ. அவர் கையை உயர்த்தினார். "ஆறுதல் சொல்ல ஊர் முழுக்க ஆக்கள் இரிக்காங்க மகள். ஒரு வருசமா அதத்தான் தின்னுறன். நீ என்ன நடந்ததெண்டு சொல்லு."

சொன்னேன். டெங்குக் காய்ச்சல் ஆறும்போதுதான் உள்ளே கசிகிறது என்று. கை குளிர்ந்தது சுகத்தால் இல்லை, இரத்தம் போய்ச் சேராததால் என்று. என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் துருவுவதை நிறுத்தவில்லை. சிரட்டை தெரிந்த பிறகும் துருவிக்கொண்டிருந்தார்.

"வயித்துக்க நோகுதெண்டு சொன்னா" என்றார். "நாலஞ்சி நாளா சோறு தின்னாத வயிறு, அதுதான் நோகுதெண்டு நினைச்சன். சோறும் சொதியும் குழைச்சி ஊட்டினன். ரெண்டு வாய் திண்டா. கையப் புடிச்சிப் பாத்தன், சில்லெண்டு இரிந்திச்சி. அம்மன்ட தண்ணி தெளிச்சதாலதான் ஆறிற்றெண்டு சந்தோசப்பட்டன் மகள். போர்த்து விட்டன். நித்திர கொள்ளட்டும் எண்டு கதவையும் சாத்தினன்."

வெறும் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலத்தாலயே கொண்டு போயிரிந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் துறையில் அவ்வளவு நேரம் இருந்தேன். ஒரு மறுமொழி தயாராகவும் வைத்திருந்தேன். தனி ஒரு மூலக்கூறு என்ன செய்யும் என்று நாம் ஒருநாளும் சொல்வதில்லை, கூட்டமாக இருந்தால்தான் சொல்வோம். மனிதரும் அப்படித்தான், ஒருவரைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியாது, தெரியாது மாமி. இதைத்தான் சொல்ல வந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னால் அது களவு என்று தோன்றியது.

"உசிரோட இரிந்திருப்பா எண்டுதான் நினைக்கிறன் மாமி" என்றேன்.

அவர் துருவலையிலிருந்து எழும்பி, தேங்காய்ப்பூக் கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்துப் பையை எடுத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தார். வெகுநேரம் அழுதார். சத்தமாக, வளவுக்கு அப்பாலும் கேட்கும்படி அழுதார். நானும் அழுதேன். உன் மாமி ஓடி வந்து, நான் ஏதோ சொல்லிவிட்டேன் என்று என்னை முறைத்தார்.

"அவளப் பேசாத" என்றார் உன் அம்மா. "எல்லாரும் விதி எண்டாங்க. விதியெண்டா நான் ஆரோட கோவிக்கிற? எனக்கு இப்பதான் என்ர புள்ளைக்கு என்ன நடந்ததெண்டு தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "குளுத்தித் தண்ணியக் குறை சொல்லப்போறல்ல. ஆனா இந்த ஊரில ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் ஆறினா, இனி நான் போய் அந்த வீட்டு வாசல்ல நிப்பன். விசரி எண்டு சொன்னாலும் சொல்லட்டும்" என்றார்.

ஆறுதல் இல்லாத ஒரு பின்னேரம் அது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆறவில்லை. அவர் உண்மையைத் தாங்கினாரா என்று கேட்டால், இல்லை. தாங்காமல்தான் எழும்பி விளக்குக்குத் திரி போட்டார். நாளைக்கு என்ன சமைப்பது என்று என்னிடம் கேட்டார். உனக்கு இறால் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார், நான் சொன்னேன்.

வெளிக்கிடும்போது வாசல் கடப்படி வரைக்கும் வந்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி, சூடு பார்க்கிறவர் போல.

"அங்க உனக்கு ஆர் இரிக்காங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல மாமி."

"உனக்குக் காய்ச்சல் வந்தா எனக்குச் சொல்லு. ஆறினா உடன சொல்லு. எந்த நேரமெண்டாலும் பறுவாயில்ல. சொல்லுவியா?"

"ஓம் மாமி" என்றேன்.

நாளைக்குக் காலையில் திரும்பவும் அக்கரைக்குப் போய் உனக்குச் சோறு படைக்க வேண்டும். அடுத்த கிழமை அந்த இயந்திரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நான் கொண்டு போவதற்கு, உன் அம்மா என்னிடம் வாங்கிய அந்த ஒரு வாக்குத்தான் இருக்கிறது. காய்ச்சல் ஆறினால் உடனே சொல்ல வேண்டும், கேட்கிறவளுக்கு அது விளங்கவும் வேண்டும்.

நீ சொன்னாய். ஆறியதும் நீ முதலில் எனக்குத்தான் சொன்னாய்.